குளிர்ந்தால் படியும் புரதம்

கேள்வி: அம்மாவுக்குக் கால்களில் செம்புள்ளிகள், மூட்டுவலி. 'கிரையோகுளோபுலினீமியா'வாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். குளிரால் வந்த நோயா?

பதில்: இல்லை. ரத்தத்திலுள்ள இயல்பு மாறிய எதிர்ப்புப் புரதங்கள்தான் காரணம். 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அவை திரண்டு படியும், சூடேற்றினால் கரையும். சிறு ரத்தக்குழாய்களில் அவற்றால் அழற்சி உண்டாவதே அந்தச் செம்புள்ளிகள். சிறுநீரகமும் நரம்பும்கூடப் பாதிக்கப்படலாம். சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

லேபில் ஒன்றை வற்புறுத்திக் கேளுங்கள்: எடுத்த ரத்தம், சீரம் பிரியும்வரை 37 டிகிரி சூட்டிலேயே இருக்க வேண்டும். ஆறிவிட்டால் புரதம் உறைந்த ரத்தத்தோடு போய்விடும். நோய் இருந்தும் 'இல்லை' என்று ரிப்போர்ட் வரும். பிரித்த சீரத்தைப் பிறகு 4 டிகிரியில் சில நாள் வைத்துப் பார்ப்பார்கள்.

பலருக்கு இதன் வேர் ஹெபடைடிஸ் சி வைரஸ். அதுவானால் சொஃபோஸ்புவிர் சேர்ந்த மாத்திரைகள், பெரும்பாலும் 12 வாரம். வைரஸ் ஒழிந்தால் பலருக்குப் புள்ளிகளும் மறைகின்றன.