கடைசியில் பேசுபவரின் பலம்

போக்கரில் நல்ல சீட்டு வந்தும் தோற்பது ஏன்? உட்காரும் இடமும் காரணமா?

ஆம், அதுவும் ஒரு முக்கியக் காரணம். டெக்சஸ் ஹோல்டம் ஆட்டத்தில் ‘பட்டன்’ எனப்படும் வட்டவில்லை யார் முன் இருக்கிறதோ அவரே, பொதுச்சீட்டுகள் விரிக்கப்பட்ட பின் வரும் ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக முடிவெடுப்பவர் என்பதால், மற்றவர்களின் போக்கைப் பார்த்தபின்பே பணம் வைக்கிறார். ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசுபவருக்கு ஸ்பேடு ஏஸும் டைமண்ட் பத்தும் வந்தால், பின்னால் எட்டுப் பேர் இருப்பதால், விலகுவதே நல்லது. முன்னால் பேசிய அனைவரும் விலகியபின் பட்டனில் இருப்பவருக்கு அதே சீட்டுகள் வந்தால், எதிரே எஞ்சுவோர் இருவரே என்பதால், துணிந்து பந்தயத்தை உயர்த்தலாம். அவ்விருவரும் சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயப் பந்தயம் வைக்கும் ‘பிளைண்ட்’ இருக்கையினர். வைத்த பணத்தைக் காக்கும் ஆசையில் சுமாரான சீட்டோடு அங்கிருந்து தொடர்வதை நிறுத்தினாலே தோல்வி பெருமளவு குறையும்.