அறிவுரை சொல்ல ஆள் தேவையில்லை

“மேடம், இவன் அடங்கவே மாட்டேங்கிறான். கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லுங்க.” பள்ளி உளவியலாளராகச் சேரும் எவருக்கும் முதல் வாரத்திலேயே இப்படி ஒரு பையன் வந்து சேர்வான். நாலு வார்த்தை சொல்லாதீர்கள். அதற்கு ஹெச்.எம். இருக்கிறார், பி.டி. சார் இருக்கிறார், வீட்டில் பாட்டி இருக்கிறார். உங்களுக்குச் சம்பளம் தருவது அவன் ஏன் அடங்கவில்லை என்று கண்டுபிடிப்பதற்கு.

இந்த வேலைக்கு ஆள் தேடும் காலம் இது. 2025 ஜூலையில், விசாகப்பட்டினத்தில் விடுதியில் இறந்த ஒரு மாணவியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. நூறும் அதற்கு மேலும் மாணவர் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும், குழந்தைகள் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்றது. சி.பி.எஸ்.இ. விதிகளிலும் கவுன்சிலர் வேண்டும். ஆகவே செங்கல்பட்டு மாவட்டத்தில், பழைய மாமல்லபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் உள்ள தனியார் பள்ளிகள் உங்களுக்கு முதல் வாசல். அரசுப் பள்ளிகளில், திருப்போரூர், திருக்கழுக்குன்றம் போன்ற ஒன்றியங்களின் வட்டார வள மையங்களிலிருந்து சிறப்பாசிரியர்கள் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார்கள். ஐந்நூறு பிள்ளைகளுக்கு ஓர் உளவியலாளர் என்பது அமெரிக்கப் பள்ளி உளவியலாளர் சங்கத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்து மனம் நோக வேண்டாம்.

படிப்பு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். “ஆறு வாரத்தில் சைல்டு சைக்காலஜிஸ்ட்” என்ற விளம்பரத்தைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். உளவியலில் முதுகலைதான் அடித்தளம். அதையும் நேரில் போய்ப் படியுங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியல் பட்டம் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. ஆசிரியராக இருந்தபடி இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு என்.சி.இ.ஆர்.டி.யின் ஓராண்டு வழிகாட்டல்-ஆலோசனை டிப்ளமோ நல்ல வழி. ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று பலகை மாட்ட வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு கட்டாயம். அந்தப் பதிவு இல்லாமல் நோய்ப் பெயர் எழுதி அறிக்கை கொடுத்தால், மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, அந்தப் பிள்ளையும்தான்.

இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை, முட்டுக்காடு. 2005-இல் தொடங்கிய நிப்மெட், பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம். பேச்சு, செவி, சிறப்புக் கல்வி, உளவியல் எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம், செங்கல்பட்டில் 1965-இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி. படிக்கும்போதே இந்த மூன்று இடங்களிலும் ஆட்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்று தடுமாற வேண்டியிருக்காது.

சரி, அந்த அடங்காத பையனுக்கு வருவோம். ஆறாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவனையல்ல, அவன் நோட்டைக் கூப்பிடுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதியது சுத்தமாக இருந்து, டிக்டேஷன் மட்டும் சிதறிக் கிடந்தால் காதைச் சோதிக்க அனுப்புங்கள். டிக்டேஷன் சரியாக இருந்து, பலகையைப் பார்த்து எழுதியது பாதியில் நின்றால் கண். காதும் கண்ணும் சரி என்று தெரிந்த பிறகும் எழுத்து சிதறினால் வாசிப்புக்குப் போக வேண்டும். ல, ள, ழ குழம்புவதைப் பார்த்து ‘டிஸ்லெக்சியா’ என்று எழுதிவிடாதீர்கள். அப்படிப் பார்த்தால் பாதித் தமிழ்நாட்டுக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும். கவனிக்க வேண்டியது கெ, கே, கொ, கோ வரிசை. ஒலியில் பின்னால் வரும் உயிர், எழுத்தில் முன்னால் நிற்கிறது. ‘கொடி’யை மூன்று துண்டாக வாசித்து, மறுபடி ஒட்டத் தெரியாமல் முழிக்கும் பிள்ளை ஆறாம் வகுப்பிலும் இருந்தால், முறையான சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. பினே-காமத், மாலின் போன்ற நுண்ணறிவுச் சோதனைகள் வெகு காலத்துக்கு முன் தயாரானவை. டிஸ்லெக்சியாவைக் கண்டறிய 2015-இல் வெளிவந்த ‘டாலி’ தொகுப்பு முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கில்தான் வந்தது. தமிழ்ப் பிள்ளையை ஆங்கிலப் பத்தி வாசிக்கச் சொல்லிக் குறை கண்டுபிடிப்பது அநியாயம். தமிழில் சோதிக்கத் தெரிந்தவரிடம்தான் அனுப்ப வேண்டும். எட்டு வயதுக்கு முன் முத்திரை வேண்டாம். குறைபாடு உறுதியானால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் கீழ் சான்றிதழ். பொதுத்தேர்வில் மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள். இந்தத் தாள்களைப் பத்தாம் வகுப்பு ஜனவரியில் தேடி ஓடாமல், எட்டாம் வகுப்பிலேயே முடித்துவிடுங்கள்.

நோட்டில் பிழையே இல்லையா? அவன் காலையைப் பாருங்கள். அரசுப் பள்ளியில் முதல்வரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஐந்தில் சாதுவாக இருந்தவன் ஆறில் மூன்றாவது பீரியடில் முரண்டு பிடித்தால், முதல் கேள்வி “சாப்பிட்டியா?” என்பதாக இருக்கட்டும். நெம்மேலி, தேவனேரி பக்கத்து மீனவர் வீடுகளில், படகு கரை சேரும் நேரத்தில் அம்மா ஏலத்துக்குப் போயிருக்கக்கூடும். தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு வரும் அக்கா தாமதமாகத்தான் வருவாள். காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்துவிட்டு, “பேரன்ட்ஸுக்கு அக்கறையில்லை” என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்த் திரும்பும் இருளர் வீட்டுப் பிள்ளைக்கு விடுபட்டது மாதக்கணக்கான பாடம். அதைக் கவனக்குறைவு என்று பெயரிட்டு மூடிவிடக் கூடாது.

இதுவும் இல்லை என்றால் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். சேட்டைக்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் என்ன கிடைத்தது என்று மூன்று கட்டம் போட்டு ஒரு வாரம் எழுதுங்கள். கணக்கு பீரியடில் மட்டும் சத்தம் போடுகிறான், ஆசிரியர் “வெளியே நில்” என்கிறார், அவன் நிம்மதியாக வராந்தாவில் நிற்கிறான் என்றால், அது தண்டனையில்லை, பரிசு. வகுத்தல் தெரியாதவனுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தால் பாதிச் சேட்டை போய்விடும். ஆசிரியரிடம் இதை எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது சொல்லுங்கள். இந்த வேலையில் பெரும்பகுதி ஆசிரியர்களோடுதான்.

ரகசியம் காக்கத் தெரிய வேண்டும். சிறிய குப்பத்தில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. ஆனால் பிள்ளை பாலியல் தொல்லை பற்றிச் சொல்லிவிட்டால் ரகசியம் அங்கே முடிந்தது. போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவிப்பது உங்கள் கடமை. நிர்வாகம் “பார்த்துக்கலாம்” என்றாலும் நீங்கள் காத்திருக்கக் கூடாது. தெரிவிக்காமல் விட்டால் அதுவே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உங்கள் மேசையில் ஒட்டியிருக்கட்டும்.

நேர்முகத் தேர்வில் சம்பளத்தை மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஆசிரியர் வராத பீரியடுக்கெல்லாம் உங்களை அனுப்புவார்களா, ஆண்டு விழா பொறுப்பும் உங்கள் தலையிலா என்று கேட்டு, பதிலை நியமன ஆணையில் எழுதி வாங்குங்கள். வெளியே குரல் கேட்காத அறையும் பூட்டுள்ள அலமாரியும் கேளுங்கள். வகுப்பில் உட்கார்ந்து கவனிக்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். அறையும் அலமாரியும் பிறகு வந்துகொள்ளும். வகுப்புக்குள் விடாத பள்ளியில் சேராதீர்கள்.