'அஞ்ஞானி' என்னும் சொல்

ஒரே சொல்லை இரு சமயத்தார் இரு பொருளில் வழங்குங்கால் வீண் பிணக்கு விளைகின்றது. 'அஞ்ஞானி' என்னும் சொல் அதற்குத் தக்க சான்றாகும்.

இலத்தீன் மொழியில் 'பாகானுஸ்' என்பதற்கு நாட்டுப்புறத்தான் என்பது பழம்பொருள். கி.பி. நான்காம் நூற்றாண்டு முதல் கிறித்தவர்கள், தம் சமயம் சாராத உரோமானியரை அச்சொல்லாற் குறித்தனர். 'பேகன்' என்னும் ஆங்கிலச் சொல் அதன் வழிவந்தது. அஃது அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. பிறர் இட்ட பெயர்.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு, இக்கருத்தைத் தமிழில் உரைக்க 'அக்கியானம்' என்னும் சொல்லைக் கையாண்டார். 1713-இல் அங்கு அச்சான அவருடைய சிறு நூலின் பெயரும் அதுவே. 'அஞ்ஞானம்' என்பதன் மற்றொரு வடிவம் அது. பழைய தமிழ் விவிலியத்திலும், கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபம் 12-ஆம் அதிகாரத்தில், 'அஞ்ஞானிகள்' என்னும் சொல் காணப்படுகிறது. அவ்விடத்துக் கிரேக்க மூலச்சொல்லோ 'இனத்தார்' என்றே பொருள்படும்.

போதகர் கருதியது 'நம் சமயத்திற்குப் புறம்பானவர்' என்பது. கேட்ட தமிழர் செவியில் விழுந்ததோ 'அறிவிலிகள்' என்பது. கலை பல கற்று, அறநூல் ஓதி வாழ்ந்தோர்க்கு அச்சொல் இழிவாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'பிற இனத்தார்' என்னும் வழக்கை மேற்கொண்டது. நல்ல மாற்றமே.

இனி, நம் ஆகமம் கூறுவதை நோக்குவோம். மதி, சுருதம், அவதி ஆகிய மூன்று ஞானங்களும் மித்யாத்துவத்தோடு கூடியவழி அஞ்ஞானம் எனப்படும் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. ஆகவே, நிரம்பக் கற்றவனிடத்தும் அஞ்ஞானம் இருத்தல் கூடும். அஃது உயிரின் நிலையைக் குறிக்கும் சொல். ஒரு கூட்டத்தார்க்குச் சூட்டும் பெயரன்று.

'மித்யாதிருஷ்டி' என்பதும் அத்தகையதே. பதினான்கு குணஸ்தானங்களுள் முதலாவது மித்யாத்துவம். எல்லா உயிர்களும் அநாதிகாலமாக அந்நிலையில் இருந்தவையே. ஜைனக் குடியிற் பிறந்த அளவிலேயே நற்காட்சி வாய்த்துவிடுவதில்லை. அங்ஙனமிருக்க, அயல் சமயத்தாரை 'மித்யாதிருஷ்டிகள்' என நம்மவர் சிலர் எளிதாகக் கூறிவிடுதல் பொருந்துமோ? தரங்கம்பாடியில் நேர்ந்த பிழையை நாமும் செய்தவராவோம் அன்றோ?

திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரை வணங்கும் குடும்பங்களும், கள்ளக்குறிச்சி, கருணாபுரம் முதலிய ஊர்களில் வாழும் பிற சமயத்தாரும் ஒரே வட்டாரத்து மக்களே. நம் குழந்தைகள் அவர்களோடு ஒரே பள்ளியிற் பயில்பவர்கள். வீட்டில் நாம் வழங்கும் சொல்லே அவர்கள் நாவில் நாளை வரும். ஆதலின் அயலாரை அவர்கள் தமக்கு வழங்கிக்கொள்ளும் பெயராலேயே அழைக்கப் பழக்குவோம். 'அஞ்ஞானம்', 'மித்யாத்துவம்' என்னும் சொற்களைச் சாமாயிக வேளையில் நம் உள்ளத்தைச் சோதிப்பதற்கென வைத்துக்கொள்வோம். வாக்கினால் வரும் ஹிம்சையைத் தவிர்த்தலும் அஹிம்சா விரதமே.

அறம் வளர்க!