மாசடைந்த நீரில் மீன்களைக் காக்கும் உணவு

இடம்பெயர்ந்து வந்து காணியில்லாமல் இருக்கும் குடும்பங்களுக்குச் சிறுகுள மீன்வளர்ப்பு கைகொடுக்கக்கூடியது. ஆனால் குளம் பெரும்பாலும் வயல்களுக்குக் கீழேயே இருக்கும். மேல்வயலில் அடித்த கிருமிநாசினியும் இட்ட பசளையும் மழையோடு கழுவுண்டு குளத்தை வந்தடைகின்றன. மீனின் உணவில் எதைச் சேர்த்தால் இத்தாக்கம் குறையும், எதற்கு உணவு உதவாது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

நஞ்சு என்ன செய்கிறது?

நீரில் கரைந்த நஞ்சு பூக்கள் (செவுள்கள்) வழியாக நேரே மீனின் இரத்தத்தில் சேர்கிறது. கிருமிநாசினிகளும், செப்பு, கட்மியம் போன்ற உலோகங்களும், துரு இரும்பை அரிப்பதுபோல, மீனின் ஈரலையும் பூக்களையும் உள்ளிருந்து அரிக்கின்றன. இந்த அரிப்பைக் குறைப்பவை விற்றமின் சீயும் விற்றமின் ஈயும் ஆகும்.

மாடும் கோழியும் விற்றமின் சீயைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். திலாப்பியா, கட்லா, றோகு ஆகிய வளர்ப்பு மீன்களால் அது முடியாது. பாசி குறைந்த குளத்தில் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் மட்டும் தின்னும் மீனுக்கு அது போதியளவு கிடைப்பதில்லை.

செய்முறை

1. புதிய தவிட்டையே பயன்படுத்துங்கள். அதில் விற்றமின் ஈ உண்டு. பழைய எண்ணெய் மணம் வீசும் தவிட்டில் அது அழிந்திருக்கும்.

2. பச்சை முருங்கையிலையை அரைத்துச் சேருங்கள். உலர்த்தினால் விற்றமின் சீயின் பெரும்பகுதி போய்விடும். பத்துப் பிடி உணவுக்கு ஒரு பிடி போதும். கூடினால் மீன் விரும்பித் தின்னாது.

3. வசதியுள்ளவர்கள் மருந்துக்கடையில் விற்றமின் சீ வில்லை வாங்கி, 1 கிலோ உணவுக்கு 500 மில்லிகிராம் வீதம் பொடித்துக் கலக்கலாம். உணவை அவித்தால், நன்கு ஆறிய பின்னரே இலையையும் வில்லையையும் சேர்க்கவேண்டும். சூடு விற்றமினை அழிக்கும்.

4. உருண்டையாக்கி மேலே சிறிது தேங்காய் எண்ணெய் பூசுங்கள். இல்லாவிட்டால் விற்றமின் நீரில் கரைந்துவிடும். அன்று செய்ததை அன்றே இடுங்கள்.

5. வயலில் மருந்தடிக்கத் தொடங்குவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே இதைத் தொடங்குங்கள். நஞ்சு வந்தபின் கொடுப்பதால் அதிக பயனில்லை.

உணவால் ஆகாதவை

மீனுக்கு மிகக் கொடிய எண்டோசல்பான் இலங்கையில் 1998 இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் பைரெத்ரொயிட் வகைக் கிருமிநாசினிகளும் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். அவற்றை எந்த உணவாலும் தடுக்க முடியாது. மருந்தடிக்கும் நாட்களில் குளத்துக்கு நீர் வரும் வாய்க்காலை மண்ணிட்டு அடைத்துவிடுங்கள்.

மிஞ்சிய உணவு அழுகினால் அமோனியா உண்டாகும். அதுவும் நஞ்சே. ஆகவே கால் மணித்தியாலத்தில் தின்று முடிக்கும் அளவே இடுங்கள். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய்பிளந்தால், ஒட்சிசன் குறைந்திருக்கிறது. அன்று உணவிட வேண்டாம்.

முக்கியமான ஒன்று: விற்றமின் மீனின் உயிரைக் காக்கலாம். தசையில் சேர்ந்த நஞ்சை அது அகற்றிவிடும் என்று நம்ப வேண்டாம். மருந்தடித்த பின் செத்து மிதக்கும் மீனை உண்ணவோ, விற்கவோ, கருவாடாக்கவோ கூடாது. வீட்டில் பசி இருக்கும்போது இது கடினமான முடிவுதான். ஆயினும் கிணற்றுக்குத் தொலைவில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குளத்துக்கு எந்தெந்த வயல்களிலிருந்து நீர் வருகிறது?
2. மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே அறிவிக்கும்படி மேல்வயல்காரரிடம் யார், எப்போது பேசுவது?
3. அயலவரின் குளத்தைக் காப்பதில் வயல் செய்பவருக்குள்ள பொறுப்பு யாது?