விரல் தேவைப்படாத விசை

பளை

அன்புள்ள பெறாமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் எடுத்த நாளிலிருந்து எதைக் கண்டாலும் அதன் உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கிறாய். நல்ல பழக்கம், விட்டுவிடாதே. இந்த முறை கேட்டிருப்பது துப்பாக்கியைப் பற்றி. தோட்டாக்களை ஒற்றை வரிசையாக அடுக்கும் மெல்லிய பிஸ்டல்களின் விசை, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஏன் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, செய்பவர்களுக்கு நல்லதாகச் செய்யத் தெரியாதா என்று கேட்கிறாய். கேள்வி நியாயமானது. பதில் சொல்கிறேன். ஆனால் முகமாலை மண்ணில் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள் என்பதால், அந்தப் பதிலோடு இன்னொரு விசையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது.

சைக்கிளின் பிறேக்கைப் பிடித்துப் பார். முதலில் கொஞ்சத் தூரம் சும்மா வரும், பிறகு இறுகும், அதன் பிறகுதான் பிடிக்கும். பிஸ்டலின் விசையும் அப்படித்தான். சும்மா வரும் தூரம், இறுகும் இடம், சட்டென்று விடுபடும் கணம், விரலைத் தளர்த்தியதும் பழைய நிலைக்குத் திரும்புவது, இந்த நான்கையும் வைத்துத்தான் ஒரு விசை நல்லதா கெட்டதா என்று சொல்வார்கள். பையில் அடங்கும் சிறிய பிஸ்டல்களில் பலவற்றுக்கு விசையை இழுக்க ஏறத்தாழ 2.5 முதல் 3 கிலோ வரை பலம் வேண்டும். விலையைக் குறைக்க உள்பாகங்களை மெருகேற்றாமல் விடுவதால் வரும் சொரசொரப்பும் உண்டு. ஆனால் இறுக்கத்துக்குப் பெரிய காரணம் எச்சரிக்கை. உடையில் சிக்கினாலும் கீழே விழுந்தாலும் வெடிக்கக்கூடாது, ஒரு மனிதன் நினைத்து இழுத்தால் மட்டுமே வெடிக்க வேண்டும். ஆயுதம் செய்கிறவன்கூட இந்த இடத்தில் ஒரு விரலுக்கும் ஒரு முடிவுக்கும் இடம் விட்டிருக்கிறான். நீ குறை என்று நினைத்த இறுக்கத்தின் பெரும்பகுதி அதற்காகத்தான்.

இனி எங்கள் மண்ணில் கிடக்கும் விசைக்கு வருகிறேன்.

மிதிவெடிக்கும் விசை உண்டு. அதை இழுக்க யாரும் தேவையில்லை, மேலே பாரம் ஏறினால் போதும். அழுத்தத்தில் வெடிக்கும் மிதிவெடிகளுக்குப் பொதுவாக 5 முதல் 16 கிலோ வரையான பாரம் போதுமென்று கணக்குச் சொல்வார்கள். முன்பள்ளிக்குப் போகும் பிள்ளையின் ஒரு காலடி அதற்குள் அடங்கிவிடும். வருகிறவர் படைவீரரா, விறகு பொறுக்க வந்த அம்மாவா, கன்றைத் தேடி வந்த பொடியனா என்று அந்தப் பொறிக்குத் தெரியாது. போர் முடிந்ததும் தெரியாது. 2009 மே மாதம் துப்பாக்கிகள் எல்லாம் ஓய்ந்தன. மண்ணுக்குள் இருந்த விசைகள் மட்டும் ஓயவில்லை.

எங்கள் பக்கத்தில் கிடைத்தவற்றில் தொழிற்சாலையில் செய்தவையும் உண்டு, காட்டுக்குள் பட்டறைகளில் செய்தவையும் உண்டு. பாகிஸ்தானின் பி4, சீனாவின் டைப் 72 என்பவை இராணுவம் புதைத்தவை. ஜொனி 95 என்ற மரப்பெட்டி மிதிவெடியும், பி4ஐப் பார்த்துச் செய்த ரங்கன் 99 என்பதும் புலிகள் இயக்கம் செய்தவை. 2000ஆம் ஆண்டு ஆனையிறவுப் படைத்தளம் புலிகளிடம் விழுந்த பிறகு 2008 கடைசி வரை முகமாலை முன்னரங்காக இருந்தது. இரண்டு தரப்பும் மாறி மாறிப் புதைத்ததால், நாட்டிலேயே மிதிவெடி மிகுந்த இடங்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது.

நீ தரத்தைப் பற்றிக் கேட்டாயே, அந்தக் கேள்வியை இங்கே கேட்டுப் பார். டைப் 72 உள்ளங்கைக்குள் அடங்கும், எடை ஏறத்தாழ 140 கிராம். வெளியே பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான், கறள் பிடிக்காது. உள்ளே இருக்கும் உலோகம் அரைக் கிராம் அளவுதான், அதனால் உலோகம் தேடும் கருவிக்கும் இலேசில் அகப்படாது. தொழிற்சாலையில் இதைச் செய்தவன் தன் வேலையைத் திறமாகச் செய்திருக்கிறான். அந்தத் திறமைதான் இத்தனை மாரி கடந்தும் அதைக் கெடாமல் வைத்திருக்கிறது. மரப்பெட்டி உக்கிப்போகும் என்று யாரும் ஆறுதல்படவும் வேண்டாம். பெட்டி உக்கினாலும் உள்ளே இருக்கும் வெடிமருந்து உக்குவதில்லை. உக்கிய விசை எந்தப் பாரத்தில் விடுபடும் என்று அதைச் செய்தவனாலும் இன்று சொல்ல முடியாது. ஒருவர் மிதித்து வெடிக்காமல் போன இடத்தில் அடுத்தவர் மிதிக்கும்போது வெடிக்கலாம். இன்னொன்றும் கேள். டைப் 72இன் அதே உருவத்தில், சரித்தாலே வெடிக்கும் ஒரு வகையையும் சீனா செய்தது. வெளியே பார்த்து வித்தியாசம் பிடிக்க முடியாது. எடுத்துப் பார்ப்பதைப் பற்றி நாங்கள் ஏன் இவ்வளவு கடுமையாகக் கதைக்கிறோம் என்று இப்போது விளங்கும்.

மண்ணுக்குள் கிடக்கும் மிதிவெடியை எப்படி எடுக்கிறார்கள்? உனக்குப் பிடிக்கும் பகுதி இதுதான். கருவிக்கு அகப்படாத மிதிவெடிக்கு விறாண்டி வந்தது. 2002 போர்நிறுத்த காலத்தில், நோர்வே மக்கள் உதவி அமைப்பு வடக்கில் இதை ஒரு முறையாக வளர்த்தது. நீளமான பிடியுள்ள விறாண்டி இரண்டு, ஒன்று பாரமானது, மற்றது இலேசானது. முதலில் தனக்கு முன்னால் ஒரு பள்ளம் வெட்டி, அதன் சுவரிலிருந்து மண்ணைத் தன் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். மிதிவெடியின் விசை மேல்பக்கத்தில் இருக்கிறது. மண்ணைப் பக்கவாட்டிலிருந்து இழுத்தால், மேலே பாரம் ஏறாமலே அதன் விலா தெரியவரும். தெரிந்ததும் கை நிற்கும். விசில் ஊதி மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். முகக்கவசத்துக்குள் வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனாலும், பாதுகாப்பான இடத்துக்குப் பின்வாங்காமல் அதைக் கழற்றக்கூடாது. பொறியின் எந்தப் பக்கம் உயிருள்ளது என்று விளங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்தை ஒரு தடவையும் தொடாமல் வேலையை முடிப்பதுதான் இந்தத் தொழிலின் முழுப் பாடம். பாடப் புத்தகத்தில் இருக்கும் விசை, நெம்பு, அழுத்தம் எல்லாம் அங்கே உயிரோடு இருக்கின்றன.

வடக்கில் இந்த வேலையை ஹலோ ட்ரஸ்ட், மாக், உள்ளூர் அமைப்புகளான டாஷ், ஷார்ப், இராணுவத்தின் மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவு ஆகியவை செய்துவருகின்றன. களத்தில் நிற்பவர்களில் பெண்கள் நிறையப் பேர். கணவனைப் போரில் இழந்து, தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் அதில் பலர். அவர்கள் முழந்தாளில் இருந்து அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கிய காணியில்தான் இன்று கச்சான் விளைகிறது, வீடுகள் எழும்புகின்றன. இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. மிதிவெடியைச் செய்யவோ வைத்திருக்கவோ புதைக்கவோ கூடாது என்பது அந்த உடன்படிக்கை. 2028 ஜூன் மாதத்துக்குள் மண்ணில் கிடப்பதை அகற்றி முடிப்பதாகவும் நாடு ஏற்றுக்கொண்டது.

இதே காலத்தில் உலகம் வேறு பக்கம் திரும்புவதையும் நீ அறிந்திருக்க வேண்டும். ரஷ்யாவுக்குப் பயந்து போலந்து, பின்லாந்து, எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா ஆகிய நாடுகள் அந்த உடன்படிக்கையிலிருந்து விலக 2025இல் முடிவெடுத்தன. அவர்களின் பயம் பொய்யான பயம் இல்லை. ஆனால் புதைத்தவர்களுக்குப் பின்னால் அந்த மண்ணில் யார் நடக்கப்போகிறார்கள் என்பதை வன்னியைக் கேட்டால் சொல்லும்.

நாளைக்கு நீ பொறியியலாளனாக வரப்போகிறாய். எந்தப் பொறியை வரைந்தாலும் இரண்டு கேள்வி கேள்: இதை இயக்கும் முடிவு யாருடைய கையில் இருக்கிறது? வேலை முடிந்ததும் இது தானாக நிற்குமா? எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத பொறி கெட்ட பொறி. மிதிவெடி அந்த வகை.

கடைசியாக, நான் சொல்வதைத் தம்பி தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டு. சிவப்புத் தடியோ மண்டையோட்டுப் பலகையோ கண்டால் அதற்கு அப்பால் ஓரடியும் வைக்கவேண்டாம். மாரி வெள்ளம் மண்ணை அரித்த பிறகு புதிதாக எதுவும் வெளியே தெரிந்தால் தொடவேண்டாம், கல்லெறியவேண்டாம், பழைய இரும்பு என்று விற்க எடுக்கவேண்டாம். வந்த தடத்திலேயே திரும்பிப் போய் கிராம சேவையாளரிடமோ 119க்கு எடுத்துப் பொலிசாரிடமோ சொல்லுங்கள். விசை பழுதாகியிருக்குமா என்று கையால் பார்க்கிற ஆராய்ச்சி எந்தக் காலத்திலும் உனக்கு வேண்டாம், அப்பன்.

அன்புடன்,
சின்னம்மா