சுங்கமும் வாய்மையும்

கடல் கடந்து சென்றவர் தாய்நாட்டுக்குத் திரும்புங்கால், கரையில் அவரை எதிர்கொள்வோருள் சுங்க அதிகாரியும் ஒருவர். சுற்றத்தாரைக் காணும் ஆவலுடன் விரைந்து வருபவருக்கு, அவ்வதிகாரியின் வினாக்கள் வீண் தடையாகத் தோன்றுதல் கூடும். அவ்வினாக்களின் பயனை உணர்ந்தோர் அவற்றை வெறுக்கமாட்டார்.

சுங்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. பழந்தமிழர் அதனை ‘உல்கு’ எனவும் வழங்கினர். அரசனுக்குரிய பொருள் வகைகளுள் உல்கினையும் ஒன்றாகத் திருவள்ளுவர் எண்ணினார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களுக்குப் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொண்ட செய்தியைப் பட்டினப்பாலையிற் காணலாம். பிற்காலத்தில் முதற் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கி, ‘சுங்கந்தவிர்த்த சோழன்’ எனப் பெயர் பெற்றான். இக்காலத்தில் இந்தியத் துறைமுகங்களில் நடைபெறும் சுங்கப் பணிகளுக்கு 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டமே அடிப்படையாகும்.

2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சென்னையினின்று இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பல் ஒன்று புறப்பட்டது. அத்தகைய கப்பலில் சில நாள் உலவித் திரும்பும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கப்பல் துறையை அடைந்ததும் குடிநுழைவு அதிகாரிகள் அவருடைய கடவுச்சீட்டை ஆராய்வர். பின்னர் அவர் தம் பெட்டிகளுடன் சுங்கப் பகுதியை அடைவார். அங்கே இரு வழிகளைக் காண்பார். தீர்வைக்குரிய பொருளோ தடுக்கப்பட்ட பொருளோ கொணராதவர் பச்சை வழியிற் செல்லலாம். கொணர்ந்தவர் அதனை அறிவித்துச் சிவப்பு வழியிற் செல்லுதல் வேண்டும். பச்சை வழியில் ஒருவர் அடி வைப்பாராயின், ‘அறிவிக்கத்தக்கது என்னிடம் ஒன்றுமில்லை’ என அவர் உறுதி கூறியவராவார். வாய் திறவாமலே ஒருவன் மெய்யோ பொய்யோ உரைக்கும் இடம் அதுவாகும்.

இங்குப் பலர் மயங்குவது ஒன்றுண்டு. கப்பற் கடைகளிலும் அயல்நாட்டுத் துறைகளிலும் ‘தீர்வையற்ற பொருள்’ என்னும் பலகையைக் காண்கின்றனர். அங்கு வாங்கிய பொருளுக்குத் தம் நாட்டிலும் தீர்வையில்லை எனக் கருதுகின்றனர். அது பிழை. விற்கும் இடத்திற் கிடைத்த விலக்கு, திரும்பி வரும் நாட்டின் சட்டத்தை மாற்றாது. பயணி தீர்வையின்றிக் கொணரத்தக்க அளவைத் தாய்நாட்டு விதிகளே வரையறுக்கின்றன. அவ்விதிகள் காலந்தோறும் திருத்தப்படுவன. ஆதலின் புறப்படுமுன் அவற்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

மெய் கூறுவோருக்குச் சட்டமே துணை நிற்கின்றது. தீர்வைக்குரிய பொருளை மறைக்காது அறிவித்தவர், உரிய தீர்வையைச் செலுத்தி அதனை எடுத்துச் செல்லலாம். அவர் மீண்டும் அயல்நாடு செல்பவராயின், அப்பொருளைச் சுங்கத்தாரின் காவலில் வைத்துத் திரும்பப் பெறுமாறு வேண்டவும் இடமுண்டு. அதே பொருளை மறைத்துக் கொணர்ந்தவரோ, பொருளையும் இழந்து தண்டமும் செலுத்த நேரிடும். பொருள் ஒன்றே, சொல்லின் வேறுபாடே விளைவினை வேறுபடுத்துகின்றது.

அதிகாரிகளுக்கும் சட்டம் வரம்பு விதித்துள்ளது. உடற்சோதனைக்கு உள்ளாகும் ஒருவர் விரும்பினால், அவரை உயர்நிலைச் சுங்க அதிகாரியிடமோ நடுவரிடமோ முதலில் அழைத்துச் செல்லுதல் வேண்டும். பெண்டிரைப் பெண்டிரே சோதித்தல் வேண்டும். எனவே, நேர்மையாளர் அஞ்ச வேண்டுவதில்லை.

தீர்வை பெறுதல் மட்டுமே இவ்வாராய்ச்சியின் நோக்கமன்று. செடி, விதை, கனி முதலியவற்றுடன் பிறநாட்டு நோயும் பூச்சியும் புகாவண்ணம் காத்தலும் அதன்பாற்படும். மெக்சிகோ முதலிய நாடுகளைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியிற் காணப்பட்டது. அது பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்களையும் தாக்கி, உழவரைப் பெருந்துயரில் ஆழ்த்தியது. 2010ஆம் ஆண்டில், அதன் இயற்கைப் பகையாகிய சிறு குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோ தீவினின்று வரவழைத்து வயல்களில் விட்ட பின்னரே அக்கேடு தணிந்தது. இத்தகைய பூச்சிகள் பரவுவதற்கு ஓர் இலையோ ஒரு கன்றோ போதும். அழகிய கன்றென ஆசையாற் கொணர்வது அயலானின் தோட்டத்தை அழித்துவிடலாம் அன்றோ?

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. முன்பின் அறியாதார் ஒரு பொதியைத் தந்து, ‘இதனைக் கரையில் என் உறவினரிடம் சேர்ப்பித்துவிடுங்கள்’ என வேண்டுவர். இரக்கத்தால் அதனை ஏற்றல் தகாது. உள்ளிருப்பது யாதாயினும், அதனைச் சுமந்து வந்தவரே விடை கூறுதல் வேண்டும்.

மாணாக்கர்களே! சுங்கத்தால் வரும் பொருள் நாட்டின் பொது நிதியிற் சேர்கின்றது. அதனை ஏய்ப்பவன் முகமறியாத ஓர் அதிகாரியை மட்டும் ஏய்க்கவில்லை. முறையாகத் தீர்வை செலுத்தி வாணிகம் செய்வோனையும், அந்நிதியாற் பயன்பெறும் எளியோரையும் ஏய்க்கின்றான். பெட்டியைத் திறக்குமுன் சுங்க அதிகாரி நம் சொல்லையே கேட்கின்றார். நாடு தன் குடிகள்மீது வைத்த நம்பிக்கை அவ்வினாவில் அடங்கியுள்ளது. அந்நம்பிக்கைக்கு ஏற்ற விடை கூறுதல் நம் கடமையாகும்.