சிப்பியின் அடுக்கும் ஒளிரும் படலமும்

திருப்புல்லாணியை அடுத்த சேதுக்கரையில் முத்துச்சிப்பி ஓடு கிடைத்தால் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். உட்புறத்தில் பச்சையும் செந்நிறமும் ஓடி விளையாடும். அதில் சாயம் ஏதுமில்லை. ஏறத்தாழ அரை மைக்ரான் கனமுள்ள சுண்ணாம்புத் தட்டுகளும் மெல்லிய புரதப் படலமும் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் நிறம் பிறக்கிறது. சர் சி. வி. இராமன் 1935இல் இத்தகைய சிப்பிகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்.

கனிமமும் கரிமமும் கலந்த இத்தகைய அடுக்கை ஆய்வுக்கூடத்திலும் பெறலாம். காரீய அயோடைடையும் ஃபீனெத்தில் அமீனின் அயோடைடு உப்பையும் கரைத்து, சுழலும் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விடவேண்டும். (காரீயம் நஞ்சு, வெறுங்கையால் தொடலாகாது.) கரைப்பான் ஆவியாகும்போதே அடுக்குகள் தாமே அமைகின்றன. அடுக்குவோர் யாருமில்லை! கரிம மூலக்கூற்றின் நேர்மின் தலை, எதிர்மின்னுடைய காரீய அயோடைடுத் தாளைப் பற்றிக்கொள்கிறது. வால்கள் நெருங்கி நிற்கின்றன. புறஊதா ஒளி பட்டால் படலம் பச்சையாக ஒளிரும். சிப்பி, பட்ட ஒளியைத் திருப்புகிறது. இப்படலமோ ஒளியை விழுங்கி வேறு நிறத்தில் உமிழ்கிறது.

1994இல் ஜப்பானிய அறிவியலார் இப்படலத்தில் மின்சாரம் செலுத்தியே பச்சை ஒளி பெற்றனர். ஆனால் அதற்குத் திரவ நைட்ரஜனின் குளிர் வேண்டியிருந்தது. ஈரக் காற்றும் படலத்தைக் கெடுத்துவிடும். சிப்பியின் அடுக்கோ கடல்நீருக்குள்ளேயே உருவாகிறது.